காலியாகாத படுக்கையும் காத்திருக்கும் ஸ்ட்ரெச்சரும்

அவசர சிகிச்சைப் பிரிவில் கூட்டம் நெரிந்தால் பழி முதலில் விழுவது நோயாளிகள் மேல்தான். சளிக்கும் சிராய்ப்புக்குமெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடி வர வேண்டுமா, பக்கத்தில் இருக்கும் டாக்டரிடம் போகக் கூடாதா என்பார்கள். நியாயமாகத் தோன்றும் இந்தக் கேள்வியைக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து மருத்துவமனைப் பதிவுகளை வைத்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்தே பார்த்தது. எட்டு மணி நேரத்தில் இப்படிப்பட்ட எளிய நோயாளிகள் 10 பேர் வந்தால், மற்றவர்கள் அங்கே இருக்க வேண்டிய நேரம் சராசரியாக 5.4 நிமிடம்தான் கூடியது. தொண்டை வலிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவருக்குப் படுக்கை தேவையில்லை.

இடத்தை அடைப்பவர் வேறொருவர். பரிசோதனை முடிந்து, அட்மிஷன் என்று எழுதியும் ஆகி, மேலே வார்டில் இடம் கிடைக்காமல் கீழேயே ஸ்ட்ரெச்சரில் கிடப்பவர். இங்கிலாந்தின் கணக்கைப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். அட்மிஷன் முடிவான பிறகும் 12 மணி நேரத்துக்கு மேல் காத்துக் கிடந்தவர்கள் 2020 ஜனவரியில் 3,000-க்கும் குறைவு. 2022 டிசம்பரில் 54,000-க்கும் அதிகம். அவசரப் பிரிவுக்கு வருவோர் தொகை அத்தனை மடங்கு பெருகிவிடவில்லை. அந்நாட்டு மருத்துவமனைகளில் 1987-88-இல் ஏறத்தாழ 2,99,000 படுக்கைகள் இருந்தன. 2019-20-இல் எஞ்சியவை சுமார் 1,41,000. அன்றே வந்து அன்றே வீடு திரும்பும் அறுவைசிகிச்சைகள் பெருகியதாலும், மனநல நோயாளிகளை ஊருக்குள்ளேயே பராமரிக்கும் ஏற்பாட்டாலும் இதில் ஒரு பகுதி குறைந்தது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மிச்சமிருக்கும் படுக்கைகளிலும், 2023 தொடக்கத்தில், வீட்டுக்கு அனுப்பலாம் என்று மருத்துவர்களே சொல்லிவிட்ட 13,000-க்கும் மேற்பட்டோர் நாள்தோறும் இருந்தார்கள். வீட்டில் கவனிக்க ஆளில்லை, முதியோர் இல்லத்தில் இடமில்லை. சாப்பிட்டவர்கள் எழுந்திருக்காத பந்தியில், வாசலில் நிற்பவர்களை எவ்வளவு ஒழுங்காக வரிசைப்படுத்தினாலும் இலை கிடைக்காது.

தாமதம் எங்கே நுழைகிறது என்பதை ஒரு வார்டின் ஒரு நாளில் பார்க்கலாம். இடுப்பு எலும்பு முறிந்து அறுவைசிகிச்சை முடிந்த மூதாட்டி ஒருவரைக் காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் பார்த்து, போகலாம் என்கிறார். டிஸ்சார்ஜ் சம்மரி எழுத வேண்டிய இளம் மருத்துவர் மீதி வார்டையும் சுற்றி முடித்தாக வேண்டும். அதன் பிறகு மருந்தகம், அப்புறம் வாகனம், அழைத்துப் போக மகன் வேலையிலிருந்து வர வேண்டும். படுக்கை காலியாகும்போது மாலை ஆகிவிடுகிறது. கீழே கூட்டம் ஏறத் தொடங்கியதோ முற்பகலிலேயே. வெள்ளிக்கிழமையன்று இது பிசகினால் திங்கள்கிழமை வரை இழுக்கும்.

படுக்கை முழுக்க நிரம்பியிருப்பதுதானே சிக்கனம், காலியாகப் போட்டு வைப்பது வீண் செலவில்லையா என்று கேட்கலாம். 1999-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு கணினி மாதிரி ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. சராசரியாக 85 சதவீதத்துக்கு மேல் படுக்கைகள் நிரம்பினால் ஆபத்து தலைகாட்டுகிறது. 90-ஐத் தாண்டினால் இடமின்மை அடிக்கடி நேர்கிறது. நோயாளிகள் கணக்காக, சமமாக வருவதில்லை என்பதுதான் காரணம். இந்தக் காத்திருப்புக்கு உயிர்தான் விலை. 2022-இல் இங்கிலாந்துத் தரவுகளை வைத்து வெளியான ஆய்வின்படி, வந்ததிலிருந்து 6 முதல் 8 மணி நேரம்வரை அட்மிஷன் தாமதமான ஒவ்வொரு 82 பேருக்கும், 30 நாளுக்குள் கூடுதலாக ஒரு மரணம்.

அப்படியானால் காலக்கெடு விதித்தால் போதுமா? அவசரப் பிரிவுக்கு வந்தவரை நான்கு மணி நேரத்துக்குள் அட்மிஷன் செய்யவோ அனுப்பவோ வேண்டும் என்ற இலக்கை இங்கிலாந்து 2004-இல் வைத்தது. கெடு முடியும் கடைசி நிமிடங்களில் நோயாளிகளை அவசர அவசரமாக வெளியே அனுப்புகிறார்கள், எண்ணிக்கைக்காக வைத்தியம் நடக்கிறது என்று விமர்சனம் எழுந்தது. அந்தக் கடைசி நேரப் பரபரப்பு தரவுகளிலும் தெரிகிறது, மறுப்பதற்கில்லை. ஆனாலும் அந்த இலக்கை ஆராய்ந்த பொருளியலாளர்கள், அதனால் காத்திருப்பு குறைந்தவர்களிடையே ஒரு மாத இறப்பு 14 சதவீதம் குறைந்ததாகக் கண்டார்கள். இலக்கு பலித்தது, அது மருத்துவமனை முழுவதையும் நெருக்கிய வரைக்கும். வருவோரில் 95 சதவீதம் பேருக்காவது அந்தக் கெடுவைக் காக்க வேண்டும் என்ற இலக்கு 2015 ஜூலைக்குப் பிறகு எட்டப்படவே இல்லை. மேலே இடமில்லாதபோது கீழே இருப்பவர்களை விரட்டி என்ன பயன்?

பலனுள்ள வழிகளில் பல அவசரப் பிரிவுக்கு வெளியேதான் இருக்கின்றன. நியூயார்க்கின் ஸ்டோனி புரூக் மருத்துவமனை, அட்மிஷனான நோயாளிகளை வார்டுகளின் நடைபாதைகளுக்கு, வார்டுக்கு ஒருவராகப் பிரித்து அனுப்பியது. எந்த வார்டுக்கும் பிடிக்காத ஏற்பாடுதான், ஆனால் சுமை ஒரே இடத்தில் குவியவில்லை. திட்டமிட்ட அறுவைசிகிச்சைகளை வாரத் தொடக்கத்திலேயே குவிக்காமல் ஐந்து நாளுக்கும் பரப்புவது இன்னொரு வழி.

தமிழகத்தில் அவசர சிகிச்சைக்கான ‘தாய்’ (TAEI) திட்டம் நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து, யாரை முதலில் பார்ப்பது என்பதைத் தெளிவாக்கியது; நல்ல காரியம். ஆனால் அது வார்டில் படுக்கையை உண்டாக்காது. தனியார் மருத்துவமனைகளில் டிஸ்சார்ஜ் பெரும்பாலும் காப்பீட்டு ஒப்புதலுக்காகக் காத்து நிற்கிறது. அந்த ஒப்புதலை 3 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ உத்தரவிட்டது. பில் தகராறு தீரும் என்று பலர் அதை வரவேற்றார்கள். படுக்கைக் கணக்கில் அதன் பயனை யாரும் அதிகம் பேசவில்லை. அவசரப் பிரிவுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு, அட்மிஷன் எழுதியதிலிருந்து வார்டுப் படுக்கை கிடைக்க எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும் ஒவ்வொரு மருத்துவமனையும் மாதந்தோறும் வெளியிடட்டும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவசரப் பிரிவு டாக்டரல்ல, டீனும் கண்காணிப்பாளரும்.