வலைப்பூவின் விலாசம்

இணையத்தில் பல ஆண்டுகளாக எழுதிவரும் ஒருவர் தம் வலைப்பூவை ஒரு தளத்திலிருந்து மற்றொரு தளத்துக்குக் கொண்டுசெல்ல எண்ணுவது சௌகரியத்தை நாடி மட்டுமன்று. தளத்தின் உடைமையாளரும் விதிகளும் மாறுவதாலும், சில சமயம் தளமே இல்லாமற் போவதாலும் அவ்வாறு செய்ய நேரிடுகிறது. 1999-இல் பைரா லாப்ஸ் என்ற சிறு நிறுவனம் தொடங்கிய பிளாகர் 2003-இல் கூகுளின் வசமாயிற்று. மூவபிள் டைப் என்ற மென்பொருள் 2004-இல் தன் உரிம விதிகளையும் கட்டணத்தையும் மாற்றியபோது, அதிருப்தியுற்ற பலர் அதற்கு முந்தைய ஆண்டில்தான் பிறந்திருந்த வேர்டுபிரஸுக்குப் பெயர்ந்து சென்றனர். யாஹூ 2009-இல் ஜியோசிட்டீஸ் என்ற தளத்தை மூடியபோதோ, ஆர்வலர் சிலர் அவசரமாகப் பிரதியெடுத்தவை போக, சாமானிய மனிதர்கள் ஆசையுடன் அமைத்த எத்தனையோ பக்கங்கள் அடியோடு மறைந்தன.

எழுத்தை எடுத்துச் செல்வதில் இன்று அதிகப் பிரயாசை இல்லை. பிளாகரின் அமைப்புப் பக்கத்திலுள்ள பிரதியெடுக்கும் வசதியைப் பயன்படுத்தினால், பதிவுகளும் அவற்றின் தேதிகளும் வாசகர் இட்ட மறுமொழிகளும் எக்ஸ்எம்எல் வடிவக் கோப்பாக வந்து சேரும். அதை வேர்டுபிரஸ் ஏற்றுக்கொள்ளும். படங்கள் விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை அவசியம். அந்தக் கோப்பில் இருப்பது படமன்று, படம் வைக்கப்பட்டுள்ள இடத்தின் விலாசமே; ஆதலால் பழைய கணக்கை அழித்தவுடன் புதிய தளத்திலும் படங்கள் வெற்றுக் கட்டங்களாகிவிடக்கூடும்.

ஆயினும் மெய்யான சிரமம், என் அபிப்பிராயத்தில், ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய விலாசத்தில்தான் இருக்கிறது. தமிழில் எழுதுவோருக்கு அது இரட்டிப்பாகிறது. பிளாகர், தலைப்பிலுள்ள ஆங்கில எழுத்துகளைக் கொண்டே விலாசம் அமைப்பதால், தமிழ்த் தலைப்பை ஒதுக்கிவிட்டு, ஆண்டு, மாதத்தின் பின்னே வெறுமனே ‘பிளாக்-போஸ்ட்’ என்று பெயரிட்டு, அதே மாதத்தின் அடுத்த கட்டுரைகளுக்கு அப்பெயருடன் ஓர் எண்ணைச் சேர்க்கிறது. வேர்டுபிரஸோ தமிழ்த் தலைப்பையே விலாசமாக்குகிறது. ஆனால் யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகி, ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியுடன் மூன்று எழுத்துகளாக எழுதப்படுவதால், ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லே 45 இடங்களை அடைத்துக்கொள்கிறது. விலாசத்துக்கு அத்தளம் அளிக்கும் இடமோ 200 மட்டும். எனவே நீண்ட தலைப்பு ஏறக்குறைய இருபத்திரண்டு குறிகளோடு துண்டிக்கப்படுகிறது. இவ்விரு விலாசங்களும் ஒன்றோடொன்று பொருந்தாமையால், பிறர் தம் கட்டுரைகளில் கொடுத்திருந்த சுட்டிகளைப் பின்பற்றி வரும் வாசகர் ‘பக்கம் இல்லை’ என்ற அறிவிப்பைக் கண்டு திரும்புகிறார். பல்லாண்டு உழைப்பால் சேர்ந்த வாசக உறவு இவ்வாறு அறுந்துபோவது, கட்டுரையை இழப்பதற்கு நிகரான நஷ்டமேயாகும்.

இதற்குப் பரிகாரம் உண்டு. ‘நிரந்தரமாக இடம் மாறியது’ என்று உலாவிக்கும் தேடுபொறிக்கும் தெரிவிக்கும் 301 என்ற பதிலைச் சர்வரில் அமைத்துவிட்டால், பழைய விலாசத்தைத் தேடி வருபவர் தாமாகவே புதிய பக்கத்துக்குச் செல்வார். ஆனால் பிளாகரின் இலவச விலாசத்திலிருந்து வேறு தளத்துக்கு அத்தகைய பதிலைத் தரும் அதிகாரம் எழுதுபவரிடம் இல்லை. வார்ப்புருவில் நிரலைச் சேர்த்து ஒருவாறு சமாளிக்கலாம், அவ்வளவே. தமக்கெனப் பதிவுசெய்த டொமைன் பெயரில் எழுதியவருக்கோ வழி திறந்தே இருக்கிறது. அப்பெயரைப் புதிய தளத்தை நோக்கித் திருப்பி, பழைய ஆண்டு, மாத வரிசையையே விலாச அமைப்பாக வைத்து, மாறுபடும் விலாசங்களை ஒவ்வொன்றாய் இணைத்துவிடலாம்.

ஆகவே வலைப்பூ வைத்திருக்கும் அன்பர்கள், குடிபெயரும் எண்ணம் இப்போது இல்லாவிடினும், சொந்தமாக ஒரு டொமைன் பெயரைப் பதிவுசெய்துகொண்டு, எழுத்தையும் படங்களையும் இன்றே தம் கணினியில் ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும். பெயர்ந்த பிறகும் பழைய வலைப்பூவை அழிக்காதிருக்க வேண்டும்.