ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி: பெரியவர்களுக்கு மாத்திரை மட்டும் போதாது

வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர், ஜவ்வாது மலை அடிவாரத்து ஊர். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு மட்டுமல்ல, வைத்தியத்துக்கும் மலைக் கிராமத்தார் இறங்கி வருவது இங்கேதான். மூட்டுவலியோ காய்ச்சலோ, "ஒரு ஊசி போட்டாத்தான் கேக்கும்" என்பது பெரியவர்கள் பலரின் நம்பிக்கை. 2000களின் தொடக்கத்தில் நாடு முழுவதும் நடந்த இண்டியாகிளென் ஆய்வு, இந்தியாவில் போடப்படும் ஊசிகளில் 62.9 சதவீதம் பாதுகாப்பற்றவை என்றது.

ஊசி போட்ட இடம் ஓரிரு நாள் வலிப்பது இயல்பு. வலி நாளுக்கு நாள் கூடி, தோல் சிவந்து சூடேறி, வீக்கம் கெட்டியாகி, பிறகு நடுவில் கொழகொழத்தால் உள்ளே சீழ் கோத்துவிட்டது என்று பொருள். பெரும்பாலும் காரணம், தோலிலேயே வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி.

சீழ் தேங்கிய குழிக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. அதனால் ஆன்டிபயாடிக் அங்கே போதிய அளவு போய்ச் சேராது. கீறிச் சீழை வெளியேற்றுவதே முதன்மைச் சிகிச்சை. மரத்துப்போக ஊசி போட்டு, கீறி, உள்ளறைகளை உடைத்து, உப்புநீரால் கழுவுவார்கள். சீழில் கொஞ்சம் பரிசோதனைக்குப் போகும். இடுப்புச் சதையில் ஆழமாக இருந்தால் ஸ்கேன் தேவைப்படலாம். ஊசி போட்டுப் பல வாரம் கழித்துக் கிளம்பி, ஆறாமல் கசியும் கட்டியில் காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகள் இருக்கக்கூடும். அதற்கு மாதக்கணக்கில் மருந்து வேண்டும்.

முதியவர்களிடம் நோய் தன்னைக் காட்டிக்கொள்ளும் விதமே வேறு. காய்ச்சல் அடிக்காமலே தொற்று ரத்தத்தில் பரவலாம். திடீர்க் குழப்பம், சாப்பாட்டில் வெறுப்பு, வேக மூச்சு, சிறுநீர் குறைதல் ஆகியவை அபாய அறிகுறிகள். வீக்கத்தைச் சுற்றித் தோல் கறுத்தாலோ, பார்ப்பதைவிட வலி பல மடங்கு இருந்தாலோ உடனே 108ஐ அழைத்து, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

கட்டியைக் காட்டப் போகும் அன்றே ரத்தச் சர்க்கரையையும் பார்க்க வேண்டும். 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு உண்டு. சர்க்கரை கட்டுக்குள் வராமல் புண் ஆறுவது கடினம்.

கட்டியைப் பிதுக்குவது, சூடான கம்பியால் குத்துவது, பச்சிலையை அரைத்து அப்புவது மூன்றும் ஆபத்து.

கீறுவது சில நிமிட வேலை. ஆற வைப்பதுதான் பெரும்பாடு. குழி அடியிலிருந்து மேலே தூர்ந்து வர, தினமும் கட்டு மாற்ற வேண்டியிருக்கும். மலையிலிருந்து எழுபது வயதுக்காரர் தினமும் இறங்கி ஏறுவது நடக்காது. ஆகவே கீறும் முன்பே கேட்டுவிடுங்கள்: சில நாள் வார்டில் தங்கலாமா, கிராமச் சுகாதார செவிலியர் வீட்டில் கட்டு மாற்றுவாரா? எந்த ஊசி, எந்தத் தேதியில் போட்டது என்பதையும், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மருந்தின் அளவை அவர் இவற்றை வைத்தே முடிவு செய்வார்.