கல்ச்சரில் சிக்காத கிருமி

இதய வால்வில் கிருமி தொற்றியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் டாக்டர்கள் முதலில் ரத்தத்தைக் கல்ச்சருக்கு அனுப்புவார்கள். சத்துநீர் பாட்டிலில் ரத்தத்தை விட்டுவைத்தால், வழக்கமான கிருமிகள் சில நாட்களில் பெருகித் தங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். சிலருக்கு மட்டும் எத்தனை முறை அனுப்பினாலும் ‘வளர்ச்சி இல்லை’ என்றே ரிப்போர்ட் வரும். காய்ச்சல் விட்டுவிட்டு வரும், உடம்பு இளைக்கும், வால்வு மெல்ல அரிபடும்.

இப்படிக் கண்ணாமூச்சி ஆடும் கிருமிகளில் ஒன்று காக்சியெல்லா பர்னெட்டி. அது தருவது கியூ காய்ச்சல். 1935-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இறைச்சிக்கூடத் தொழிலாளர்களுக்கு வந்த காய்ச்சலின் காரணம் பிடிபடாமல், எட்வர்ட் டெரிக் என்ற மருத்துவர் அதற்கு ‘குவெரி’ காய்ச்சல் என்று பெயர் வைத்தார். கேள்விக்குரிய காய்ச்சல் என்று பொருள். பிறகு விடை கிடைத்தது; பெயர் மட்டும் கேள்வியாகவே தங்கிவிட்டது.

ஆடு மாடுகள் ஈனும்போது வெளிவரும் இளங்கொடியில் இந்தக் கிருமி ஏராளமாக இருக்கும். காய்ந்தபின் தூசியோடு பறக்கும். ஆட்டைத் தொட்டே பார்க்காதவரும் மூச்சில் இழுத்துக்கொள்ளலாம். நெதர்லாந்தில் 2007 முதல் 2010 வரை 4,000-க்கும் மேற்பட்டோருக்கு இது வந்தது; ஆட்டுப் பண்ணைகள்தான் ஊற்று. 50,000-க்கும் அதிகமான ஆடுகளைக் கொல்லவேண்டியிருந்தது.

பெரும்பாலோருக்கு ஃப்ளூ போல வந்து போய்விடும். ஏற்கெனவே வால்வு பழுதானவர்கள், செயற்கை வால்வு பொருத்தியவர்கள்தான் பயப்படவேண்டியவர்கள். அவர்களில் சிலருக்கு மாதங்கள், ஏன், வருடங்கள் கழித்துக்கூட வால்வில் தலைகாட்டும். எக்கோவிலும் பல நேரம் பெரிதாக ஒன்றும் தெரியாது.

கல்ச்சர் ஏமாறுவது ஏன்? இந்தக் கிருமி உயிருள்ள செல்லுக்குள் குடியிருந்து பெருகுவது. பாட்டிலில் அதற்கு வீடு கிடையாது. எனவே ரத்தத்தில் இதற்கு எதிரான ஆன்டிபாடி எவ்வளவு என்று பார்ப்பார்கள். ஆனால் அந்தப் பரிசோதனையை எழுதவேண்டும் என்று டாக்டருக்குத் தோன்றவேண்டுமே! “ஆடு, மாடு வளர்க்கிறீர்களா? பிரசவம் பார்த்தீர்களா?” என்ற கேள்வி, என்னைக் கேட்டால், விலையுயர்ந்த ஸ்கேனைவிடப் பெரியது.

சிகிச்சை பொறுமையைச் சோதிக்கும். எலிக்காய்ச்சலுக்குத் தரும் அதே டாக்ஸிசைக்ளினோடு ஹைட்ராக்ஸிகுளோரோகுயினையும் சேர்த்துக் கொடுப்பார்கள். கிருமி பதுங்கியிருக்கும் அறையின் அமிலத்தன்மையை இரண்டாவது மாத்திரை குறைத்தால்தான் முதலாவது நன்றாக வேலை செய்யும். குறைந்தது 18 மாதம். செயற்கை வால்வு என்றால் 24. நிறுத்திய பிறகும் ரத்தப் பரிசோதனை சில வருடம் தொடரும்.