கரும்பு விளையாத தலைநகர்

சரக்குக் கப்பலில் எஞ்சினியராக இருந்த காலத்தில் நான்கு முறை சுவாவில் இறங்கினேன். நான்கு முறையும் நனைந்துதான் கப்பலுக்குத் திரும்பினேன். ஃபிஜியின் இந்தத் தலைநகரில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்கு. தென்கிழக்குக் காற்று விட்டிலெவு தீவின் மலைகளில் முட்டி, ஈரத்தை எல்லாம் இந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது.

ஊர் உருவானதற்கும் ஒரு வகையில் மழைதான் காரணம். 1868இல் தொடங்கிய மெல்போர்ன் கம்பெனி ஒன்று, ஃபிஜித் தலைவர் தக்கம்பாவின் கடனை அடைப்பதாகச் சொல்லி இங்கே நிலம் பெற்றது. பருத்தி போட்டார்கள், பிறகு கரும்பு. மென்பாறைமேல் மெல்லிய மண், அதன்மேல் ஓயாத மழை, இரண்டும் கைகொடுக்கவில்லை. தலைநகர் இங்கே வந்தால் நிலத்தின் விலை ஏறுமே என்று வணிகர்கள் கணக்குப் போட்டார்கள். அப்போதைய தலைநகர் லெவுகாவோ, மலைக்கும் கடலுக்கும் நடுவே நகர வழியில்லாமல் இடுங்கிக் கிடந்தது. 1882இல் பிரிட்டிஷ் காலனி அரசு சுவாவுக்குக் குடிபெயர்ந்தது.

மண் ஏமாற்றினாலும் கடல் ஏமாற்றவில்லை. வெளியே பவளத்திட்டு அலையைத் தடுக்க, உள்ளே கப்பல் நிற்க ஆழம் இருக்கிறது. கரும்பு விளைவது மழை குறைந்த மேற்குக் கரையில். சர்க்கரை ஏற்றும் துறைமுகம் அங்குள்ள லவுடோகா. பெரிய விமான நிலையமும் மேற்கே, நாடியில். சுவாவின் பிழைப்பு வேறு: கண்டெய்னர்கள், சூரை மீன் பிடிக்கும் படகுகள், அரசு அலுவலகங்கள், 1968இல் பசிபிக் தீவு நாடுகளுக்குப் பொதுவாகத் தொடங்கிய பல்கலைக்கழகம்.

துறைமுகத்தை ஒட்டியே சந்தை. சேப்பங்கிழங்கு, மரவள்ளி, கீரை எல்லாம் நம்மூர் போலவே கூறு கட்டி வைத்திருப்பார்கள். மாடியில், இடித்துக் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேர் விற்ற பெரியவரிடம் தமிழில் பேச்சுக் கொடுத்தேன். புரியவில்லை. ஊர் மதராஸ் என்றதும் முகம் மலர்ந்து, "என் பாட்டனும் மதராஸ்தான்" என்று ஃபிஜி இந்தியில் சொன்னார்.

1903 முதல் 1916 வரை சென்னையிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், 'அக்ரிமெண்ட்' அவர்கள் வாயில் 'கிர்மிட்' ஆனது. சுவாவுக்கு அருகே நுக்குலாவ் என்ற சின்னஞ்சிறு தீவில் இறக்கி, நோய் இருக்கிறதா என்று பார்த்த பிறகே தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். கரும்பு வெட்ட வந்தவர்களில் பெரும்பாலோர் ஃபிஜியில் முதலில் கால் வைத்தது, கரும்பு கைகொடுக்காத சுவாவின் அருகே, இந்த மழைக்கரையில்தான்.