வில்லின் வலிவிசையும் கடற்காற்றின் ஈரமும்

நாணேற்றிய வில்லைக் குறித்த ஓர் அளவிற்கு இழுத்து நிறுத்துகையில் விரல்கள் தாங்கும் விசையை வலிவிசை என்போம். இழுநீளம் கூடக்கூட விசையும் கூடும் ஆகலின், 71 செண்டிமீட்டர் இழுவைக்கு 18 கிலோகிராம் எடைக்கு நிகரான விசை என்பதுபோல் இரண்டையும் சேர்த்தே உரைத்தல் வேண்டும். நடுவே பற்றும் இடம் பிடி. அதனின்று இருபாலும் நீள்வன கிளைகள். நாண் பூணும் நுனிவெட்டு குதை. இலக்கை நோக்கிய பக்கம் புறமுகம், வில்லாளியை நோக்கிய பக்கம் அகமுகம். வில் வளையுங்கால் புறமுகத்து இழைகள் நீட்சியுறும். அகமுகத்து இழைகள் நெருக்குண்ணும். இடையே நீளாமலும் குறுகாமலும் ஒரு நடுத்தளம் கிடக்கும்.

கிளையின் விறைப்பு நான்கினைச் சார்ந்தது: மரத்தின் மீள்மை, அகலம், தடிப்பு, நீளம். அகலம் பத்தில் ஒரு பங்கு கூடினால் விறைப்பும் அத்துணையே கூடும். தடிப்போ மும்மடியாக வினைபுரிவது. 20 மில்லிமீட்டர்த் தடிப்புள்ள கிளையில் இரண்டே மில்லிமீட்டர் சீவியதும் விறைப்பில் நான்கில் ஒரு பங்கிற்கு மேல் போய்விடும். கையால் வில் செய்வோர் பெரும்பாலும் தடுக்கி விழுவது இவ்விடத்தில்தான்: இரு கிளைகளும் ஒத்து வளையவேண்டுமென்று மாறிமாறிச் சீவுவர், வளைவு ஒழுங்குபடும்போது வலிவிசை கைவிட்டுப் போயிருக்கும். சீவிய மரம் மீளாது. எனினும் இழந்த விசையை மீட்க வேறு வாயில்கள் உண்டு.

அரசலாறு கடல்சேரும் காரைக்காலுக்கு மேற்கே, திருநள்ளாற்றில் ஒருவர் மூங்கிலிலோ மரத்திலோ வில் வடிப்பதாகக் கொள்வோம். (விற்கொடி சேரர்க்குரியது, இது புலிக்கொடி பறந்த சோழநாடு. ஆயினும் இயற்பியல் கொடி பார்ப்பதில்லை.) அவர் முதலில் ஆராயவேண்டியது உளியையன்று, காற்றையே. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு ஐம்பது எனில் மரம் தன் உலர்எடையில் நூற்றுக்கு ஒன்பது அளவு நீரைத் தாங்கி நிற்கும். எண்பது எனில் பதினாறு. வடகிழக்குப் பருவமழைத் திங்கள்களில் இக்கடற்கரைக் காற்று எண்பதையும் தாண்டும். இவ்வேழு பங்கு நீரால் மீள்மை நூற்றுக்குப் பத்தளவு தளரும். நெருக்கத்தைத் தாங்கும் வலுவோ அதனினும் பன்மடங்கு குன்றும். ஆதலின் ஈரமேறிய வில்லின் அகமுகம் நசுங்கி, நாண் கழற்றிய பின்னும் நிமிராது வளைந்தே கிடக்கும். இதனை நிலைவளைவு எனலாம். வலிவிசை குறைந்தது என்று பலர் வருந்துவது தடிப்புக் குறையால் மட்டுமன்று, இந்நிலைவளைவாலும் என்பது என் துணிபு. வில்லை நாண் கழற்றி, நிழலில், காற்றோட்டமுள்ள வெதுவெதுப்பான இடத்தில் எடை மாறாது நிற்கும்வரை உலர்த்துவதே இங்கு முதல் மருத்துவம். அளவுமீறி உலர்ந்த மரம் புறமுகத்தில் வெடிக்கும் ஆகலின் அதற்கும் எல்லையுண்டு.

உலர்த்தியும் போதாதெனில் தணல் உதவும். அகமுகத்தை மட்டும் கனலுக்குக் காட்டி, பொன்பழுப்பு நிறம் ஏறும்வரை மெல்லச் சுட்டு, அவ்வேளையிலேயே கிளைகளைப் புறமுகப் பக்கம் சற்றே எதிர்வளைத்துக் கட்டிக் குளிரவிடல் வேண்டும். சுட்ட மரம் விறைத்து நெருக்கம் தாங்கும், ஈரத்தையும் குறைவாகவே ஏற்கும். ஆனால் நீட்சியில் நொறுங்கும் இயல்பு பெறுவதால் புறமுகத்தில் தீ படலாகாது. எதிர்வளைவு நாணேற்றும்போதே கிளையில் இறுக்கத்தை ஏற்றுவதால் இழுவையின் தொடக்கத்திலேயே விசை மிகும். சேமிக்கும் ஆற்றலும் மிகும். சுட்டவுடன் இழுத்துப் பார்ப்பது தவறு. இழந்த நீரில் ஒரு பங்கை மரம் காற்றிலிருந்து மீளப்பெறச் சில நாள் ஆகும்.

நீளத்தைக் குறைப்பதும் ஒரு வழி. 180 செண்டிமீட்டர் வில்லின் இருமுனையிலும் ஐந்தைந்து செண்டிமீட்டர் அறுத்துப் புதுக்குதை வெட்டினால் வலிவிசை ஐந்தில் ஒரு பங்களவு உயரும். இழைகளின் திரிபும், அதாவது அவை நீளும் நெருங்கும் அளவும், எட்டில் ஒரு பங்கு உயரும். முன்பே நிலைவளைவு காட்டிய வில்லுக்கு இவ்வழி ஆகாது.

புறமுகத்தில் மெல்லிய மூங்கிற் பட்டை ஒட்டுவது நான்காவது வழி. மூங்கிலின் வலிய இழைகள் வெளித்தோலை அடுத்தே செறிந்திருப்பதால், தோற்பக்கம் வெளியே நிற்குமாறு ஒட்டவேண்டும். தடிப்பும் கூடும், நீட்சி தாங்கும் வலுவும் கூடும். துருக்கியரும் மங்கோலியரும் விலங்கின் தசைநாணை விலங்குப் பசையால் ஒட்டிப் பெருவிசை பெற்றனர். அவை வறண்ட நிலத்து வில்கள். விலங்குப் பசை ஈரத்தில் இளகும். காரைக்காற் கரைக்கு நீரெதிர்ப் பசையும் மூங்கிலுமே பொருந்தும்.

வலிவிசை எவ்வளவு உயரக்கூடும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 1545-இல் மூழ்கி 1982-இல் மேலெடுக்கப்பட்ட மேரி ரோசு என்னும் ஆங்கிலப் போர்க்கலத்து வில்களின் வலிவிசை 45 முதல் 80 கிலோகிராம்வரை எனக் கணிக்கின்றனர். அத்தகைய விசைக்கு இளமை தொட்டுப் பயிற்சி வேண்டும். ஆனால் வலிவிசையே அம்பின் விரைவன்று: சேமித்த ஆற்றலில் ஒரு பகுதியைக் கிளைகள் தம்மை நகர்த்தவே உண்டுவிடும். 1930-களில் அமெரிக்க இயற்பியலார் கிளாரன்சு இக்மன் வில்லின் இயக்கத்தைக் கணக்கிட்டு, தட்டையான நீள்சதுர வெட்டுமுகத்தின் சிறப்பை நிறுவினார். கிளைகள் உண்ணும் ஆற்றல் சுருங்குமாறு அகலத்தைப் பிடியருகே நிறுத்தி, நுனிகளை ஒடுக்கி எடை குறைத்தால், வலிவிசை பெரிதும் மாறாமலே அம்பு விரையும். கூடுதல் விசை வேண்டுவோர் பலர்க்கு உண்மையில் வேண்டுவது இதுவே.