ஏய்... இந்தாம்மா!

கள்ளக்குறிச்சியில இருந்து வெள்ளிமலை போற பஸ்ல ஏறியிருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? கல்வராயன் மலை வளைவுகள்ல செல்லுக்கு டவர் வரும், போகும். அப்படி டவர் வந்த ஒரு நேரத்துல பின் சீட்டுல இருந்து ஒரு ரிங்டோன்... ‘ஏய்... இந்தாம்மா!’ மொத்த பஸ்ஸும் சிரிச்சுது. முன் சீட்டுல காலேஜ் பேகோட இருந்த பொண்ணு மட்டும் சிரிக்கல. ‘‘எங்க வீட்ல ஒருத்தர் நெஜமாவே இப்படித்தான் கூப்பிடுவாரு’’ன்னாங்க!

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் மாரிமுத்து. சன் டி.வி. ‘எதிர்நீச்சல்’ சீரியலின் ஆதிமுத்து குணசேகரன்!

தேனி மாவட்டத்துக்காரர். டைரக்டர் ஆகணும்னு 1990-ல சென்னைக்கு வந்தார். ஆரம்பத்துல ஹோட்டல்ல சர்வர் வேலை. பிறகு வைரமுத்துவின் நட்பு, ‘அரண்மனைக் கிளி’யில (1993) ராஜ்கிரண்கிட்ட உதவி இயக்குநர், அப்புறம் வஸந்த், எஸ்.ஜே.சூர்யான்னு பெரிய லிஸ்ட். ‘கண்ணும் கண்ணும்’ படத்தை அவர் இயக்கினது 2008-ல. கணக்குப் போட்டுக்குங்க பாஸ்... 18 வருஷம்! நமக்கு ரெண்டு அரியர் விழுந்தாலே வாழ்க்கை முடிஞ்ச மாதிரி இருக்கு. அடுத்த படம் ‘புலிவால்’ 2014-ல. அதோட சரி.

நடுவுல, 2011-ல ‘யுத்தம் செய்’ படத்துல மிஷ்கின் அவரை லஞ்சம் வாங்குற போலீஸா நடிக்க வெச்சார். அதுல இருந்து போலீஸ், அப்பா, ஊர்ப் பெரியவர்னு வரிசையா வேஷங்கள். முகம் தெரியும், பேர் தெரியாது. கேரக்டர் நடிகர்கள் நெறய பேரோட நிலைமை இதானே?

2018-ல வந்த ‘பரியேறும் பெருமாள்’ ஞாபகம் இருக்கா? ஹீரோயினோட அப்பா இவர்தான். கல்யாண வீட்டுல பரியனை சொந்தக்காரங்க அடிச்சுத் துவைச்சதும், அவன் முன்னால கலங்கிப்போய்க் கெஞ்சுவாரே... அந்த அப்பா கெட்டவரான்னு யோசிச்சா தலை சுத்தும். சாதியை விடவும் மனசில்ல, அந்தப் பையன் சாகுறதும் பிடிக்கல. தன் சொந்தக்காரங்களுக்கே பயப்படுற மனுஷன்.

நாலே வருஷம். 2022 பிப்ரவரியில திருச்செல்வம் இயக்கத்துல ‘எதிர்நீச்சல்’ ஆரம்பிச்சப்போ அதே ஆள் வேற மனுஷனா வந்து உட்கார்ந்தார். இப்ப வீடே இவருக்குப் பயப்படுது! படிச்ச பொண்ணாப் பார்த்து மருமகளாக் கொண்டுவந்து, அடுப்படியில பூட்டி வைக்கிற அண்ணன். பெரும்பாலும் கத்த மாட்டார். சோபாவுல சாய்ஞ்சு, நக்கலா ஒரு இழுப்பு. அவ்வளவுதான், எதிர்ல இருக்குற பொண்ணு பேச வந்ததை மறந்துடும்.

பொறியியல் படிக்கிற பொண்ணுங்க கிளாஸ்ல பாதி இருக்காங்க நமக்கு. டிகிரி முடிச்சதும் எத்தனை பேருக்கு இந்த சோபா காத்துக்கிட்டிருக்கோ! ஆனா நாம என்ன பண்ணினோம்? மீம் போட்டோம். திட்ட வேண்டிய ஆளைத் தூக்கிக் கொண்டாடினோம். அவரைக் குறை சொல்ல முடியாது. பயமுறுத்துற கேரக்டரை ரசிக்கவும் வெச்சது அவரோட திறமை. நெஜ குணசேகரன்களையும் காமெடியா எடுத்துக்கிட்டது நாமதான். அந்த பஸ்ல நானும் சிரிச்சேன், ஒத்துக்கறேன்.

சினிமா 30 வருஷமா தராத பேரை, சீரியல் ஒன்றரை வருஷத்துல தந்தது. 2023 ஆகஸ்ட்ல ரஜினியோட ‘ஜெயிலர்’ ரிலீஸ். அடுத்த மாசம் 8-ம் தேதி காலையில, ‘எதிர்நீச்சல்’ டப்பிங் பேசிக்கிட்டிருந்தப்பவே உடம்புக்கு முடியாம வெளியே வந்தவர், மாரடைப்பால இறந்துட்டார்.

குணசேகரனா அப்புறம் வந்தவர் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி. அவரும் லேசுப்பட்ட ஆள் இல்ல. கச்சிராயபாளையத்துல இருக்குற எங்க அத்தை, ராத்திரி சீரியல் நேரத்துல டி.வி-யைப் பார்த்து சாபம் விடுறதையே வேலையா வெச்சிருந்தவங்க. புது குணசேகரன் வந்த அன்னிக்கு முழுசா பார்த்துட்டு, ‘‘இவரும் நல்லாத்தான்டா மிரட்டுறாரு... ஆனா அவரைத் திட்டின மாதிரி இவரைத் திட்ட வரமாட்டேங்குது’’ன்னு ரிமோட்டைக் கீழ வெச்சாங்க.