காட்டுத்தீயும் கதிரியக்கப் புகையும்

கச்சான் காற்று வீசும் கோடைகாலத்தில், பொத்துவிலுக்கு மேற்கே சேனைப் பயிருக்காக வெட்டிய காட்டிற்குத் தீ மூட்டினால், அதன் புகை அறுகம்பேயைக் கடந்து கடலை நோக்கிச் செல்லும். மரம் எரிவது ஓரிடம். சாம்பல் விழுவது வேறோரிடம். எரிகின்ற அம்மரத்தினுள் கதிரியக்கப் பொருள் கலந்திருந்தால் என்னவாகும்? அறுகம்பே மக்களுக்கு இது வெறும் கற்பனை. உக்ரேன் நாட்டு மக்களுக்கோ இது மெய்யாகவே எழுந்த கேள்வி.

1986 ஏப்ரல் 26ஆம் நாள் அந்நாட்டின் செர்னோபில் அணுமின் நிலையத்தில் நான்காம் உலை வெடித்தது. கதிரியக்கத் தூசு சுற்றுப்புறக் காடுகளிற் படிந்தது. மக்கள் வெளியேற்றப்பட்டனர், மரங்கள் அங்கேயே நின்றன. சீசியம்-137 பொட்டாசியத்தை ஒத்தது. ஸ்ட்ரோன்சியம்-90 கல்சியத்தை ஒத்தது. ஆதலின், ஊட்டச்சத்தோடு இவற்றையும் வேர்கள் உறிஞ்சின. இலைகள் உதிர்ந்து மட்கியபோது இவை மீண்டும் மேல்மண்ணைச் சேர்ந்தன. இவ்விரண்டும் பாதியளவாகக் குறைவதற்கே ஏறத்தாழ 30 ஆண்டுகள் வேண்டும்.

2020 ஏப்ரலில் அக்காடுகளில் பெருந்தீ மூண்டு, அணுமின் நிலையத்தின் அண்மை வரை பரவியது. ஏறக்குறைய 100 கிலோமீற்றர் தெற்கேயுள்ள தலைநகர் கீவையும் புகை சூழ்ந்தது.

தீ அனைத்தையும் அழித்துவிடும் என்பது பொதுவான எண்ணம். கதிரியக்கத்தைப் பொறுத்தவரை அது தவறு. தீ மரத்தைச் சாம்பலாக்கும், அணுக்கருவை மாற்றாது. புதிய கதிரியக்கத்தை அது உண்டாக்குவதுமில்லை. முன்னரே படிந்திருந்ததில் ஒரு பகுதியைப் புகையோடு மேலெழுப்பி, வேறிடத்திற் சேர்க்கின்றது. அவ்வளவே.

இதனால் எவருக்குத் தீங்கு? முதலில், நெருப்பின் அருகே நின்று அதனை அணைப்பவர்களுக்கு. அவர்கள் சுவாசிக்கும் நுண்டூசு நுரையீரலிற் படிந்து, உடலினுள்ளிருந்தே கதிர்களை வீசக்கூடும். உட்சென்ற ஸ்ட்ரோன்சியம் எலும்பை நாடும். சீசியம் தசைகளிற் பரவும். பெற்ற கதிரளவு கூடக்கூடப் பின்னாளிற் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பும் கூடும். ஆகவே அவர்களுக்குத் தகுந்த சுவாசக் கவசமும், கதிரளவை அறியும் கருவியும் இன்றியமையாதவை. ஈரத்துணி பெருஞ்சாம்பலைத் தடுக்கலாம். நுண்டூசைத் தடுக்கப் போதாது.

தொலைவிலுள்ளோர் நிலை வேறு. காற்றிற் பரவப் பரவத் தூசின் செறிவு குறைகின்றது. 2020ஆம் ஆண்டுத் தீயினால் ஏற்பட்ட கதிரியக்க அதிகரிப்பு மிகச் சிறியது என்றும், மனித நலத்திற்கு ஆபத்து விளைவிக்கவில்லை என்றும் சர்வதேச அணுசக்தி முகவரகம் தெரிவித்தது. 1986இல் சிறுவர்களின் தைராய்டுச் சுரப்பியைத் தாக்கிய அயடீன்-131, எட்டே நாட்களிற் பாதியாகக் குறைவது. அது எப்போதோ மறைந்துவிட்டது. கீவ் மக்களைப் பெரிதும் வருத்தியது, எந்தக் காடு எரிந்தாலும் எழுகின்ற சாதாரணப் புகையே.

இங்கே இருவகைத் தவறுகள் நேரலாம். ஒன்று, கதிரியக்கம் என்ற சொல்லைக் கேட்டதுமே தொலைதூரத்தில் உள்ளவர்கள் நடுங்குவது. மற்றொன்று, ஆபத்துச் சிறிதென்று கூறித் தீயணைப்போரைக் கவசமின்றி அனுப்புவது. முன்னதை அறிவு நீக்கும். பின்னதை நீக்கப் பொறுப்புணர்ச்சியும் வேண்டும். சேனைப் புகை தன் வீட்டுப் பக்கம் திரும்பும்போது, இருமும் குழந்தையையும் முதியவரையும் உள்ளே அழைத்துச் சென்று சாளரத்தை அடைக்கும் தாய், அப்பொறுப்பின் முதற்பாடத்தை அறிந்தவளே.